போனை வைத்துவிட்டு ஒருவரிடம் கேளுங்கள்

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் பெரியம்மைக்கு 2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. மடியில் பீடித் தட்டு இருந்தது, விரல்களில் தூள் ஒட்டியிருந்தது. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசினார். “அம்மா, பி.எஃப். ஆபீஸ்ல இருந்து பேசுறோம். உங்க பேரு ஆதார்ல ஒரு மாதிரியும் எங்க கணக்குல ஒரு மாதிரியும் இருக்கு. அதனாலதான் உங்க பணம் நிக்குது” என்றது ஒரு பணிவான குரல். வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு. அவர்களில் பலருக்குப் பெயரிலோ தகப்பனார் பெயரின் முதலெழுத்திலோ பிறந்த தேதியிலோ ஆதாருடன் ஏதாவது ஒரு பொருத்தமின்மை இருக்கும். பேசியவருக்குப் பெரியம்மையைத் தெரியாது. அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பொருந்தக்கூடிய ஒன்றைத்தான் அவர் சொன்னார்.

பெயரைச் சரிசெய்துவிட்டதாகவும், இப்போது போனுக்கு வரும் தகவலைத் தொட்டு, பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண்ணான பின் எண்ணைப் போட்டால் பணம் கணக்கில் ஏறிவிடும் என்றும் அடுத்துச் சொன்னார். பெரியம்மை சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போட்டார். “ஃபெயில் ஆயிட்டும்மா, இன்னொரு தடவ போடுங்க. கட் மட்டும் பண்ணிராதீங்க” என்றார் அவர். இப்படியே நான்கு முறை. ஒவ்வொரு முறையும் 1,999 ரூபாய் போயிற்று. மொத்தம் 7,996 ரூபாய்.

அந்த நான்கு முறையும் போனின் திரை உண்மையைத்தான் சொன்னது. 1,999 ரூபாய் செலுத்தப் போகிறீர்கள் என்று தெளிவாகவே எழுதியிருந்தது, ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பெரியம்மை தமிழ் நாளிதழை வரி விடாமல் படிப்பவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. போனை வாங்கிக் கொடுத்த பேரன் செயலியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுக்காமல் போய்விட்டான். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

நடந்ததைப் பெரியம்மை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. “என்னையக் கூறுகெட்டவன்னு சொல்லிருவாவளேன்னுதான் சொல்லல ராசா” என்று பிறகு என்னிடம் சொன்னார். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவன் குடும்பத்தில் இருந்தும், அந்த மூன்று நாளில் அவரால் எனக்கு ஒரு போன் செய்ய முடியாமல் போனது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. முதன்முதலாக ஸ்மார்ட்போன் கையில் எடுத்தவர்களுக்காகவும், அவர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்த பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஏன் ஏமாறுகிறோம்

பேராசைப்பட்டவர்களும் படிக்காதவர்களும்தான் ஏமாறுவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பே ஓர் ஆபத்து. ஏனென்றால் ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று நம்புகிறவர் எச்சரிக்கையாக இருப்பதில்லை. பெரியம்மை கேட்டது தன்னுடைய சொந்தப் பணம். அதில் பேராசை எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு வீடும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. ஒரு வீட்டில் மகளிர் உரிமைத் தொகை, ஒரு வீட்டில் பயிர்க் காப்பீடு, ஒரு வீட்டில் வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பார்சல், இன்னொரு வீட்டில் வேலைக்குப் போட்ட விண்ணப்பம். மோசடிக்காரர் ஒரே கதையை ஆயிரம் பேரிடம் சொல்கிறார். அது பொருந்திப் போகும் பத்துப் பேருக்கு மட்டும், ‘நம்மைப் பற்றித் தெரிந்தவர்தான் பேசுகிறார்’ என்று தோன்றுகிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து வீடெல்லாம் சேறாகக் கிடந்தபோது, 6,000 ரூபாய் நிவாரணத்துக்கு டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். அந்த வாரத்தில் ‘நிவாரணப் பணம் உங்கள் கணக்குக்கு வர இதைத் தொடவும்’ என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால், எத்தனை வீடுகளில் அதைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

அடுத்தது அவசரம். ‘இன்று இரவு 9.30 மணிக்குள்’, ‘இன்னும் பத்து நிமிடத்தில்’, ‘இப்போதே போடவில்லை என்றால் ரத்து’ என்று ஏதாவது ஒரு கெடு அதில் இருக்கும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னதை அவர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். முதலில் நம்மைப் பதற வைக்கிறார்கள், பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள். அத்துடன், அரசு அலுவலகத்தில் கைகட்டி நின்றே பழகிய நமக்கு, ‘ஆபீசர் பேசுகிறேன்’ என்ற குரலிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. அழைப்பைப் பாதியில் துண்டிப்பது அதைவிடப் பெரிய அவமரியாதையாகத் தோன்றுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் கருதுவது தனிமையை. ஏமாற்று நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இரிடியம் கலசம் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களை நமக்குத் தெரியும். கொங்கு நாட்டில் ஈமு கோழிப் பண்ணைகள் 2012 வாக்கில் முதலீட்டாளர்களைத் தெருவில் நிறுத்தியதும் நினைவிருக்கும். ஆனால் அந்தக் காலத்து ஏமாற்றுக்காரர் ஊருக்குள் வந்தாக வேண்டும். டீக்கடையில் உட்கார வேண்டும், நாலு பேர் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், யாராவது ஒரு அண்ணாச்சி ‘இது சரியாப் படலியே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். இன்றைக்கு வருகிறவர் ஒருவருடைய காதுக்குள் மட்டும் வருகிறார். அந்தக் காதுக்குரியவரை வேறு யாரிடமும் பேசவிடாமல் பிடித்துவைத்திருப்பதுதான் அவருடைய தொழில் முழுவதும். ‘கட் பண்ணாதீங்க’, ‘வீட்டில் யாருக்கும் சொல்லாதீங்க’, ‘கதவைச் சாத்திக்கிட்டு உட்காருங்க’ என்ற வார்த்தைகளில் ஒன்று காதில் விழுந்தாலே போதும், மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டியதில்லை, அது மோசடி என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: போனைத் தயார் செய்வது

புதுப் போன் வாங்கியவுடன் ரிங்டோன் மாற்றுவதற்கு முன்பு, பணம் அனுப்பும் செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். கூகுள் பே, போன்பே இரண்டிலும் தமிழ் இருக்கிறது. மாற்றிய பிறகு, வீட்டில் ஒருவர் அருகில் உட்கார்ந்து, ஒரு ரூபாயை அனுப்பியும் வாங்கியும் பலமுறை பழக்கிக் காட்ட வேண்டும். அப்போது கற்றுக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். பின் எண் நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கும், இருப்பு பார்ப்பதற்கும் கேட்கப்படும், பணம் வருவதற்கு ஒருபோதும் கேட்கப்படாது. க்யூஆர் கோடும் அப்படியே. அதை ஸ்கேன் செய்கிறவர் பணம் கொடுக்கிறவர், வாங்குகிறவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. பெரியம்மையை ஏமாற்றப் பயன்பட்ட, ஒரு தனிநபர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் க்யூஆர் கோடு அனுப்பி ‘ஸ்கேன் செய்தால் பணம் வரும்’ என்று சொல்லும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

பென்ஷன், நகைக்கடன், விதை நெல்லுக்கு வைத்திருக்கும் பணம் எல்லாம் இருக்கும் கணக்கைப் போனுடன் இணைக்க வேண்டாம். இரண்டாவதாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதில் ஒரு மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைத்து, அதை மட்டும் யுபிஐயில், அதாவது போன்வழியாகப் பணம் அனுப்பும் முறையில், இணையுங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் வற்புறுத்துவது இதைத்தான். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் சறுக்கலாம். சறுக்கினாலும் போவது மளிகைச் செலவுப் பணமாக இருக்கட்டும், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததாக இருக்க வேண்டாம்.

ஆண்டுக் கணக்கில் பீடி சுற்றுகிறவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்துபோய், போனின் ரேகைப் பூட்டு பல நேரம் திறக்காது. அதனால் எண்ணைப் போட்டுத் திறக்கிறார்கள், அந்த எண் பெரும்பாலும் பிறந்த வருடமாக இருக்கிறது, அதே எண்தான் யுபிஐக்கும் ஏடிஎம் அட்டைக்கும். மூன்றுக்கும் வெவ்வேறு எண் வையுங்கள். மறந்துவிடும் என்று பயந்தால் வீட்டில் பூட்டிவைக்கும் டைரியில் எழுதி வையுங்கள். போனின் உறைக்குள் சீட்டு எழுதிச் செருகி வைப்பதுதான் கூடாது.

இன்னும் சில வேலைகளை அன்றே முடித்துவிடலாம். வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் கணக்கு என்ற பகுதியில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறது. அதில் ஆறு இலக்க எண் ஒன்றைப் போட்டுவிட்டால், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபியை யாராவது பிடுங்கினாலும் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றுவது கடினம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலிகளை நிறுவும் அனுமதி எந்தச் செயலிக்காவது கொடுக்கப்பட்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தாலே ஓடிபி இல்லாமல் பணம் எடுக்கும் முறை ஒன்று வங்கிகளில் இருப்பதால், அதைப் பயன்படுத்தாதவர்கள் ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் அதில் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

இரண்டாம் படி: அழைப்பு வரும்போது

பணம், ஆதார், ஓடிபி, கைது, துண்டிப்பு, ரத்து என்ற சொற்களில் ஒன்றுடன் ஓர் அழைப்பு வந்தால், எதிர்முனையில் இருப்பவர் உண்மையானவரா பொய்யரா என்று அவரிடமே பேசிக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். காலையிலிருந்து இரவு வரை அதையே தொழிலாகச் செய்கிறவரை ஒரே பேச்சில் வெல்வது நம் வேலை அல்ல. “என் மகன் வந்த பிறகு பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டுத் துண்டித்துவிடுங்கள். மகன் இல்லாதவர்களும் இதைச் சொல்லலாம். உண்மையான வங்கியோ அலுவலகமோ நீங்கள் துண்டித்ததற்காகக் கோபித்துக்கொள்ளாது, உங்கள் பணத்தையும் நிறுத்திவிடாது.

துண்டித்த பிறகு நீங்களே அந்த அலுவலகத்தைத் தேடிக் கேளுங்கள். எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது இங்கே மிகவும் முக்கியம். வங்கி எண் பாஸ்புக்கிலும் ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலும் இருக்கிறது. மின்சார விவரத்துக்கு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987 இருக்கிறது. கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள், மோசடிக்காரர்கள் தங்கள் எண்களையே வங்கிகளின் பெயரில் அங்கே ஏற்றிவைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. வங்கியின் இணையதளத்துக்குப் போவதாக இருந்தால் முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ (.bank.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி 2025இல் இந்திய வங்கிகள் எல்லாவற்றையும் அந்த முகவரிக்கு மாறச் சொல்லியிருக்கிறது. கிளை பக்கத்தில் இருக்குமானால், ஒரு டவுன் பஸ் ஏறி நேரில் போவதைப் போன்ற பாதுகாப்பு வேறெதிலும் இல்லை.

‘என் ஆதார் எண்ணைச் சரியாகச் சொன்னாரே’, ‘அப்பா பெயரைக்கூடச் சொன்னாரே’ என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நாம் ஆதார் நகலை எத்தனை ஜெராக்ஸ் கடையிலும், சிம் கடையிலும், லாட்ஜிலும் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நம்மைப் பற்றிய விவரம் தெரிந்திருப்பது அவர் அதிகாரி என்பதற்குச் சான்று ஆகாது. குரலும் சான்று ஆகாது. தெரிந்தவர்களின் குரலைக் கணினியால் அப்படியே பேச வைக்க முடிகிற காலம் இது. வெளிநாட்டில் இருக்கும் மகன் போலவே ஒரு குரல் ‘போலீஸ் பிடிச்சிட்டாங்க, உடனே பணம் அனுப்புங்க’ என்று அழுதால், அவனுடைய பழைய எண்ணுக்குத் திரும்ப அழையுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை, ஆச்சி வளர்த்த பசுவின் பெயரைப் போல ஒன்றை, முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிறகு, பணத்தைத் தொடுவதற்கு முன்பு ஒரே ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நடந்ததை இன்னொருவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கும்போதே, அதில் இடிக்கும் இடம் நமக்கே தட்டுப்பட்டுவிடும்.

மூன்றாம் படி: வேடங்களை அறிவது

வேடங்கள் மாறிக்கொண்டே இருக்கும், எல்லாவற்றையும் எழுதி முடியாது. நம் பக்கத்தில் அதிகம் தென்படுவனவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்’ என்ற குறுஞ்செய்தி பழையது, ஆனால் இன்னும் வருகிறது. அழைத்தால், போனின் திரையை அவர்கள் பார்க்க வசதி செய்யும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல வேலைக்காகச் செய்யப்பட்ட செயலிகள்தான், ஆனால் முன்பின் தெரியாதவர் சொல்லி அவற்றை நிறுவுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பாருங்கள் என்பார்கள், நாம் தட்டுகிற எழுத்தெல்லாம் அவர்கள் கண்ணில் தெரியும்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சீட்டு, விவசாயிகள் உதவித்தொகைப் பட்டியல் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு, ‘ஏபிகே’ (.apk) என்ற எழுத்துகளுடன் முடிந்தால் அதைத் தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரும், ஏபிகே என்பது ஒரு செயலி. அது உள்ளே போனவுடன் உங்களுக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகளைத் தானே படித்து வெளியே அனுப்பும். நாம் யாருக்கும் ஓடிபி சொல்லாமலே பணம் போவது இப்படித்தான். சொந்தக்காரர் எண்ணிலிருந்தே அது வரலாம், அவர் போன் ஏற்கெனவே பறிபோயிருக்கும்.

‘டிஜிட்டல் கைது’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது படித்தவர்களையே அதிகம் சாய்க்கிறது. எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். அவர் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொல்லி, காவல் சீருடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றினார். பின்னால் காவல் நிலையம் போலவே மேசை, கொடி, முத்திரை எல்லாம் இருந்தன. உச்ச நீதிமன்றத்தின் பெயரில் ஓர் உத்தரவுத் தாளையும் காட்டினார். கேமரா முன்பிருந்து எழுந்திருக்கக் கூடாது, யாருக்கும் சொல்லக் கூடாது, விசாரணை முடியும்வரை சேமிப்பை ‘அரசுக் கணக்குக்கு’ மாற்றிவைக்க வேண்டும் என்பது கட்டளை. மூன்று மணி நேரம் ஆசிரியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாலையில் பால்காரர் வந்து கதவைத் தட்டினார். ‘திறக்காதே’ என்று போனுக்குள்ளிருந்து அதட்டினார்கள். ஆனாலும் ஆசிரியர் பழக்க தோஷத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். “என்ன சார், மொகம் ஒரு மாதிரியா இருக்கு?” என்று கேட்டார் பால்காரர். ஆசிரியர் பதில் சொல்லத் தொடங்கினார், பாதி சொல்வதற்குள் அவருக்கே எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே போய்ப் போனை அணைத்தார். பணம் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று தம்முடைய வானொலி உரையில் இதைச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 2025இல் இந்த மோசடியைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. போலீஸ், சிபிஐ, சுங்கத்துறை, அமலாக்கத்துறை என எதுவாக இருந்தாலும் வீடியோ அழைப்பில் கைது செய்யாது, சரிபார்ப்பதற்காகப் பணத்தை மாற்றச் சொல்லாது. கைது என்றால் நேரில் வருவார்கள், காரணம் சொல்வார்கள், குடும்பத்தாருக்குத் தெரிவிப்பார்கள். யாருக்கும் சொல்லாதே என்பது கைதின் முறையே அல்ல.

இளைஞர்களிடம் வருவது வேறு வேடம். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கி, முதல் நாளில் 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். அந்த 150 ரூபாய்தான் தூண்டில் புழு. மறுநாள் 1,000 கட்டினால் 1,300 என்பார்கள், அதுவும் வரும். பிறகு 50,000 கட்டியவுடன், எடுப்பதற்கு வரி கட்ட வேண்டும் என்பார்கள், போட்டதை மீட்பதற்காக இன்னும் போட்டுக்கொண்டே இருப்போம். பங்குச் சந்தைக் குழுக்களும் இதே பாதைதான். வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கடன் செயலிகள் போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு அவற்றை வைத்தே மிரட்டுகின்றன. தொடர்புகளைக் கேட்கும் கடன் செயலியை அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள். கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் கணினி வேலை என்று அழைத்துப் போகப்பட்டு, இதே மோசடி அழைப்புகளைச் செய்ய அடைத்துவைக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. ‘உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறேன்’ என்று யாராவது, அவர் உங்கள் சீனியராகவே இருந்தாலும், கேட்டால் கொடுக்காதீர்கள். பெரியம்மை போன்றவர்களிடம் பறித்த பணம் அப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவரின் வாசலில்தான்.

நான்காம் படி: பணம் போய்விட்டால்

போன பணம் ஒரு கணக்கில் தங்காது. சில நிமிடங்களில் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குத் தாவி, எங்கோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். அது கணக்குக்குள் இருக்கும்வரைதான் நிறுத்தி வைக்க முடியும். ஆகவே அழுவதற்கும் வருந்துவதற்கும் முன்பு 1930 என்ற எண்ணை அழையுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண் அது. உங்கள் பெயர், போன் எண், வங்கி, பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த எண் செயலியின் வரலாற்றுப் பகுதியிலும் வங்கிக் குறுஞ்செய்தியிலும் இருக்கும், தேடி எழுதி வைத்துக்கொண்டு பேசினால் வேகமாக முடியும். லைன் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாமல், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். 1930இல் சொன்னவர்களும் அன்றே அங்கே முழு விவரத்தைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் வங்கியை அழைத்து கணக்கின் இணைய வழிகளையும் அட்டையையும் முடக்கச் சொல்ல வேண்டும். நேரில் கிளைக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். இந்த நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதியின்படி, வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் வெளியார் ஒருவரால் நடந்த, நீங்கள் அனுமதிக்காத பரிவர்த்தனையை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது அல்ல. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் ஓர் உச்சவரம்பு வரை உங்கள் பொறுப்பு. பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு உங்களைச் சேரும், ஆனால் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வங்கி 30 நாட்களில் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழி கேட்க 14448.

ஏபிகே கோப்பை நிறுவியிருந்தால் போனை உடனே ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து இவற்றைச் செய்யுங்கள். உரையாடல், குறுஞ்செய்தி, எண்கள் எதையும் அழிக்காதீர்கள். வெட்கத்தில் பலர் முதலில் செய்வது அதுதான், அழிந்து போவது சாட்சியம்.

திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மாநகர சைபர் கிரைம் காவல் நிலையமும், அம்பாசமுத்திரம், வள்ளியூர், நாங்குநேரி பக்கத்தவர்களுக்கு மாவட்டத்தின் சைபர் கிரைம் நிலையமும் இருக்கின்றன. எது நம் எல்லை என்று குழம்ப வேண்டாம், எல்லை எதுவாக இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்பதற்கு 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவே இடம் தருகிறது. பணம் வேறொருவர் கணக்கில் முடக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், அதற்குப் புகார் எண்தான் பிடி. கொஞ்ச நாளில், ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று ஒரு வக்கீலோ அதிகாரியோ அழைப்பார். அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

பிள்ளைகளுக்கு

பெரியம்மை முதல் நாளே சொல்லியிருந்தால் 7,996 ரூபாயில் கொஞ்சமாவது நின்றிருக்கலாம். மூன்று நாள் கழித்து அழைத்தபோது கணக்கு காலியாக இருந்தது, பணம் வரவில்லை. அவரைச் சொல்லவிடாமல் தடுத்தது மோசடிக்காரர் அல்ல, ‘இதுகூடத் தெரியாதா’ என்று நாங்கள் எப்போதும் கேட்டுப் பழகிய கேள்வி. அம்மாவோ மாமாவோ வந்து ‘ஒரு தப்புப் பண்ணிட்டேன்’ என்று சொன்னால், ஏன் செய்தாய் என்று கேட்காமல் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சந்தேகம் கேட்டு அழைக்கும்போது, அது பத்தாவது முறையாக இருந்தாலும், வேலை நேரமாக இருந்தாலும், எடுத்துப் பேசுங்கள். அன்றைக்கு எடுக்காமல் விட்டால் பதினோராவது முறை அழைக்க மாட்டார்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு தாளில் பெரிய எழுத்தில் இவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: பணம் வர பின் எண் வேண்டாம், போலீஸ் போனில் கைது செய்யாது, பணம் போனால் 1930. அதற்குக் கீழே வங்கிக் கிளையின் எண், மின்னகத்தின் எண். கடைசி வரியில், எதுவும் செய்வதற்கு முன்பு அழைக்க வேண்டிய ஆளின் பெயர். அந்தப் பெயர் சென்னையிலோ துபாயிலோ இருக்கும் மகனுடையதாக மட்டும் இருந்தால் போதாது, நினைத்தவுடன் எட்டிப் போகக்கூடிய பக்கத்து வீட்டு மயினியோ, மளிகைக் கடை அண்ணாச்சியோ இரண்டாவது பெயராக இருக்கட்டும். பெரியம்மை தன் தாளை பீடிக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். வாரம் தவறாமல் பீடிக் கடைக்கு எடுத்துப் போகும் நோட்டு அது. வரிசையில் நிற்கும் மற்றப் பெண்களும் அதைப் பார்த்துத் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள்.